தொட்டி நிழலை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரிய மின் அமைப்புக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மானியத்தைப் பேசுகிற அளவுக்கு வடிவமைப்பை யாரும் பேசுவதில்லை.

எங்கள் மாடியை அளக்க வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்து, பத்து நிமிடத்தில் போய்விட்டார்கள். இப்போது தினமும் மாலை மூன்றரைக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஓரத்துச் சூரியப் பலகையில் ஏறுகிறது. உள்ளங்கை அகலம்தான். பலகைக்குள் மின்சாரம் தரும் சிறு செல்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டிருப்பதால், உற்பத்தி அதைப்போலப் பல மடங்கு குறைகிறது. இரண்டடி தள்ளி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்!

அளவிலும் இதே கதை. ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் சுமார் 700 யூனிட். 300 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு எதற்கு அவ்வளவு?

இன்னொன்று. மின்தடை வந்தால், பலகையின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இந்த இன்வெர்ட்டரும் நின்றுவிடும். நம் மாடி மின்சாரம் தெருக் கம்பிக்குள் பாயாமல், கம்பத்தில் வேலை செய்பவர் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. குறை சொல்ல முடியாது. இருட்டில் விசிறி சுழல வேண்டுமென்றால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். இதை முன்பணம் வாங்கிய பிறகுதான் சொன்னார்கள்.

விலைப்புள்ளியுடன் நிழல் வரைபடத்தையும் உற்பத்தி மதிப்பீட்டையும் தமிழில் எழுதித் தருவதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை