நாம் இல்லாத அறையில் நமக்காகப் பேசும் வாக்கியம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நேர்மையாக உழைத்தால் உயர்வு தானாகத் தேடி வரும் என்பதுதான் அதன் சாரம். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அதே பேச்சை நம்பி எட்டு வருடத்தை இழந்தவள் நான். இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் காத்துக்கொண்டே இருந்துவிடக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

31 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். முதல் நிறுவனத்தில் சேர்ந்த எட்டாவது வருடம் பிரிவுப் பொறுப்பாளர் பதவி காலியானது. எனக்குத்தான் வரும் என்று நானும் நினைத்தேன், பக்கத்து மேசைக்காரர்களும் நினைத்தார்கள். எனக்கு மூன்று வருடம் பின்னால் சேர்ந்தவருக்குப் போனது. இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மேலாளரின் அறைக்குப் போய், "எனக்கு ஏன் சார் கிடைக்கல?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இந்த ஒரு வருஷத்துல நீங்க செஞ்சதுல மூணு விஷயம் சொல்லுங்கம்மா" என்றார்.

"எல்லா வேலையும் நேரத்துக்கு முடிச்சேன் சார். பிழைன்னு ஒண்ணும் வந்ததில்ல" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். ஆனா முடிவு பண்ற கூட்டத்துல அஞ்சு பேர் இருந்தோம். மத்த நாலு பேருக்கு உங்க முகம்கூடத் தெரியாது. அவங்ககிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

என்னிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் அந்த வருடம்தான் மாதக் கணக்கை முடிக்க ஆகும் 9 நாளை 5 நாளாகக் குறைத்திருந்தேன். வங்கிச் சரிக்கட்டலை, அதாவது வங்கிக் கணக்கையும் நம் பதிவேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதை, மாதக் கடைசிக்குக் குவித்து வைக்காமல் வாரம் ஒருமுறை பார்க்க ஆரம்பித்தேன். கிளைகளிலிருந்து பில்கள் வந்து சேர வேண்டிய கடைசித் தேதியை முன்னே கொண்டுவந்தேன். செய்தது அவ்வளவுதான். அது சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று என்றே எனக்குத் தோன்றவில்லை. மேலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஞாபகத்துக்கும் வரவில்லை.

பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் பதவி உயர்வு, சம்பள உயர்வு எல்லாம் நாம் இல்லாத ஓர் அறையில் முடிவாகின்றன. அங்கே நமக்காக ஒருவர்தான் பேசுவார். அவருக்கும் பத்துப் பதினைந்து பேரைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும், ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். "நல்லா வேலை செய்வாங்க" என்று அவர் சொன்னால் அது எல்லோருக்கும் பொருந்துகிற பேச்சு. "மாதக் கணக்கை 9 நாளிலிருந்து 5 நாளுக்குக் கொண்டுவந்தவர்" என்று சொன்னால், முகம் தெரியாத நாலு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த வாக்கியத்தை அவர் கையில் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான். நான் கொடுக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கினேன். வெள்ளிக்கிழமை கிளம்புவதற்கு முன் கடைசி 15 நிமிடம் அதற்கு. நான்கே கேள்விகள்: என்ன செய்தேன், முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இது யாருக்குத் தெரியும்? நான்காவது கேள்விதான் என்னை உலுக்கியது. முதல் மூன்று மாதம் அந்த இடத்தில் பெரும்பாலும் "யாருக்கும் தெரியாது" என்றே எழுதினேன். ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போகாமல் தடுத்ததும் அப்படித்தான், ஒரு கிளையில் தீராமல் கிடந்த பழைய நிலுவையைத் தேடிப்பிடித்து முடித்ததும் அப்படித்தான்.

ஏன் வாரா வாரம், வருடக் கடைசியில் மொத்தமாக எழுதினால் போதாதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். போதாது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கழன்றுவிடுகிறது, மிச்சம் மெதுவாகக் கரைகிறது. நமக்கே நம் வேலை மறந்துபோகும்போது, பதினைந்து பேரைப் பார்க்கும் மேலாளருக்குக் கடைசி இரண்டு மாதம்தான் மனதில் நிற்கும். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: நிறுவனத்தின் ரகசியக் கணக்குகளை அந்த நோட்டில் எழுதாதீர்கள். உங்கள் வேலையால் எத்தனை நாள் குறைந்தது, எத்தனை பிழை குறைந்தது என்ற அளவு போதும்.

அடுத்த வருடம் அந்த நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் எழுதினேன், அதில் மூன்றே வாக்கியங்கள். மேலாளரிடம் போய், "பதவி உயர்வுப் பட்டியல் எப்போ சார் தயாராகும்?" என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஆறு வாரம் முன்னால் கொடுத்தேன். இந்தக் கணக்கு முக்கியம். மதிப்பீட்டுக்கு நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசும் நாளில் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். அன்று நாம் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது தீர்ப்பு எழுதிய பிறகு வாதாடுவது போலத்தான். பக்கத்தைக் கொடுத்துவிட்டு, "பொறுப்பாளர் பதவிக்கு வரணும்னா என்கிட்ட இன்னும் என்ன குறையுது சார்?" என்றும் கேட்டேன். மற்ற பிரிவுகளோடு கூட்டங்களில் நான் வாயே திறப்பதில்லை என்றார். கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் திருத்திக்கொள்ள ஆறு வாரம் இருந்தது. அந்த வருடம் பதவி வந்தது.

எண்ணிக்கையே இல்லாத வேலையில் இருப்பவர்கள் என்ன செய்வது? அப்படி ஒரு வேலையை நான் இன்னும் பார்க்கவில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் மக்கள் காத்திருக்கும் நேரத்தை எண்ணலாம். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர், அவர்கள் எத்தனை நாளில் தனியாக வேலை பார்க்க ஆரம்பித்தார்கள் என்று எண்ணலாம். ஒரே புகார் திரும்பத் திரும்ப வருவது நின்றதா என்று பார்க்கலாம்.

இதெல்லாம் தற்பெருமை இல்லையா என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். எனக்கும் அந்தக் கூச்சம் வெகு காலம் இருந்தது. நாம் வளர்ந்த விதம் அப்படி. ஆனால் நன்னூலைப் பாருங்கள். என்னதான் பெரிய நூல் செய்து முடித்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொல்லிவிட்டு, உடனே விதிவிலக்குகளையும் சொல்கிறது. அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்களின் நடுவில் இருக்கும்போது. அந்தக் கூட்டத்தில் என்னை அறியாத நாலு பேர் இருந்தார்களே, அது இந்த இடம்தான். நடந்ததை நடந்த அளவுக்குச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கூட இருந்து உழைத்தவர்களின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் அப்படித்தான் எழுதினேன்.

நோட்டு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஆறு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தபோது, என் நேரத்தில் ஒரு நல்ல பங்கு யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையில் போயிருந்தது. கூட்டக் குறிப்பு எழுதுவது, வழியனுப்பு விழாவுக்குப் பணம் வசூலிப்பது, அலமாரியில் கோப்புகளை அடுக்குவது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "யார் செய்றீங்க?" என்று கேட்டதும் அமைதியாக இருக்கும், என் கை தானாக உயரும். பெண்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். லிண்டா பாப்காக், லிசே வெஸ்டர்லண்ட் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் இந்த மாதிரிப் பலனில்லாத வேலைக்குப் பெண்கள் ஆண்களைவிட 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். வெறும் ஆண்கள் குழுவில் என்ன நடந்தது தெரியுமா? வேலை அங்கும் நடந்தது, ஆண்களே முன்வந்தார்கள். ஆக, இது பெண்களின் இயல்பு அல்ல. பெண் ஒருத்தி இருந்தால் அவள் செய்வாள் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், அவளும் அதைத்தான் எதிர்பார்த்து எழுந்துவிடுகிறாள். அதன் பிறகு நான் மறுக்கவில்லை, முறை வைக்கச் சொன்னேன். "போன மாசம் நான் எழுதினேன், இந்த மாசம் அவர் எழுதட்டும்." ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் மிஞ்சியது.

அந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அலுவலகத்துக்குப் புதிய கணக்கு மென்பொருள் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. பலர் பயந்தார்கள், எனக்கும் பயம்தான். டோரத்தி வானைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அந்த நாட்கள்தான் கண்முன் வந்தன. 1943இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் கையால் கணக்குப் போடும் வேலையில் சேர்ந்த கறுப்பினப் பெண் அவர். 1949இல் தன் பிரிவுக்கே தலைவரானார். மின்னணுக் கணினி வந்ததும் கையால் கணக்குப் போடும் வேலையே மறையும் என்று தெரிந்துகொண்டு, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியைத் தானே கற்றார், தன்னோடு இருந்த பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். என் வேலை அவ்வளவு பெரியதல்ல. ஆனால் மென்பொருளின் சோதனைப் பதிப்பு வந்ததும், தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் போய் உட்கார்ந்தேன். போன மாதக் கணக்கு முழுவதையும் அதில் மறுபடி போட்டுப் பார்த்தேன், எங்கே இடிக்கிறது என்று எழுதிவைத்தேன். எல்லோருக்கும் வந்தபோது சந்தேகம் கேட்க என் மேசைக்குத்தான் வந்தார்கள். புதிதாக ஏதாவது கற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சான்றிதழ்களைத் தேடி அலைவதற்கு முன், உங்கள் மேசைக்கே அடுத்து வரப்போவது எது என்று பாருங்கள். அதில் முதல் ஆளாக இருப்பது நாலு சான்றிதழுக்குச் சமம் என்பது என் கருத்து.

சரி, எல்லா இடத்திலும் இது பலிக்குமா? பலிக்காது. பொறுப்பாளராகி ஏழு வருடம் கழித்து, அதே நிறுவனத்தில் அடுத்த படிக்கு இரண்டு முறை பக்கம் எழுதிக் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த மேலாளர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு முறைக்கு மேல் நான் காத்திருக்கவில்லை, நீங்களும் காத்திருக்காதீர்கள்.

அடுத்த வேலை எனக்கு வந்த வழி வேடிக்கையானது. வருடத்துக்கு ஒருமுறை தணிக்கைக்கு வரும் ஒருவரிடம், மாதக் கணக்கு 5 நாளில் முடியும் கதையை எப்போதோ சொல்லியிருக்கிறேன். அவரோடு எனக்கு வேறு பழக்கம் கிடையாது. அவர் தணிக்கை செய்யும் இன்னொரு நிறுவனத்தில் மாதக் கணக்கு முடிய 14 நாள் ஆகிக்கொண்டிருந்தது, யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு என் ஞாபகம் வந்தது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதியது இதைப் பற்றித்தான். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் ஆளால் வேலை பெற்றவர்கள் 17 சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். எப்போதாவது சந்திப்பவரால் பெற்றவர்கள் 56 சதவீதத்துக்குப் பக்கம். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் நமக்குத் தெரியாத கதவைத் தெரிந்து வைத்திருக்கிறது. ஆகவே வேலை மாற நினைப்பவர்கள், நெருக்கமானவர்களிடம் மட்டும் புலம்பிவிட்டு நின்றுவிடாதீர்கள். பழைய சக ஊழியர், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வாடிக்கையாளர் தரப்பில் பேசிப் பழகியவர் என்று வாரத்துக்கு ஒருவரிடம் பேசுங்கள். வேலை வேண்டும் என்று கெஞ்ச வேண்டாம். இப்போது என்ன செய்கிறேன், எதில் கைதேர்ந்திருக்கிறேன் என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். மேலாளருக்குக் கொடுத்த அதே வாக்கியம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்புப் பக்கத்தில் சாதித்தவர்களின் கதைகள் நிறைய வருகின்றன. அந்த முடிவு அறைக்குள் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தவர்களையும் கேட்டு எழுதுங்கள். ஒருவரின் பெயர் வந்ததும் அங்கே என்ன பேசுவார்கள், எதைக் கேட்டதும் பெயர் மேலே போகும், எதைக் கேட்டதும் அடுத்த பெயருக்குத் தாவிவிடுவார்கள் என்று அவர்களே சொல்லட்டும். பத்தொன்பது வருடம் நானும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால் நானும் சொல்லத் தயார். என்னிடம் வேலை பார்த்த பிள்ளைகளில் நோட்டு வைத்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவது எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது, வைக்காதவர்களுக்காக எத்தனை தடவை வார்த்தை கிடைக்காமல் தவித்தேன் என்பதிலிருந்தே ஆரம்பிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவுத் தலைவர்,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி