பிரண்டையும் ஒரு விடுபட்ட வரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், தேய்ந்த எலும்பைப் பிரண்டை மறுபடி வளர்க்கும் என்று வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் பிரண்டைத் துவையலுக்கு அடிமைதான். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, பச்சை நிறம் மங்கும்வரை வதக்கி வாரம் ஒருமுறையாவது அரைத்துவிடுவேன். ஆனால் கட்டுரை போன தூரத்துக்கு ஆராய்ச்சி இன்னும் போகவில்லை.

பிரண்டையில் குவர்செட்டின், கேம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகள் (தாவரங்களில் இருக்கும் ஒரு வகை வேதிப்பொருள்கள்) இருப்பது உண்மை. எலிகளுக்குக் கொடுத்தபோது முறிந்த எலும்பு சீக்கிரம் கூடியதும் உண்மை. மனிதர்களிடம் நடந்தவை சிறிய ஆய்வுகள்தான்.

இந்த வகைப் பொருள்களுக்காக மனிதர்களிடம் அதிகம் சோதித்துப் பார்த்தது சோயாவை. அதிலிருக்கும் ஐசோஃபிளேவோன்கள் என்ற ஃபிளேவனாய்டுகள், ஓரளவு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல வேலை செய்பவை. மாதவிலக்கு நின்றபின் எலும்பு கரைவதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதுதானே முக்கியக் காரணம்? 2007-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், எலும்பு மெலியத் தொடங்கிய பெண்களுக்குத் தினம் 54 மி.கி. ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃபிளேவோனை இரண்டு வருடம் கொடுத்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. சரி, வழி பிறந்தது என்று பார்த்தால், 2011-ல் மயாமி ஆய்வு வந்தது. 248 பெண்கள், அதே இரண்டு வருடம். அதில் பாதிப் பேருக்குத் தினம் 200 மி.கி. சோயா ஐசோஃபிளேவோன். எலும்பு கரைவது நிற்கவில்லை. போதாக்குறைக்கு, சோயா மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் திடீரென்று உடம்பு கொதிக்கும் தொந்தரவு அதிகம். சோயாவிலிருக்கும் டெய்ட்ஸீன் என்ற ஐசோஃபிளேவோனை, இன்னும் வலுவாக வேலை செய்யும் ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் பலன் மாறுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

இதையெல்லாம் எழுத வைத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் அவருக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2.8 வந்தது, மைனஸ் 2.5-க்குக் கீழே போனாலே எலும்புப்புரை. டாக்டர் கொடுத்த வாராந்திர மாத்திரையை நிறுத்திவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஒரு வருடம் பிரண்டை கேப்ஸ்யூல் விழுங்கினார். அடுத்த ஸ்கேனில் மைனஸ் 3.1. கேப்ஸ்யூல் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. நிறுத்திய மாத்திரையின் வேலையை அது செய்யவில்லை, அவ்வளவுதான்.

'டாக்டர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம்' என்ற ஒரு வரி உங்கள் கட்டுரையில் எங்கேயும் இல்லை. அடுத்த இதழில் அதைப் போடுங்கள். அப்படியே பெட்டிச் செய்தியில் தந்த துவையல் செய்முறையில் புளி விட்டுப்போயிருக்கிறது, அதையும் சேர்த்துவிடுங்கள். புளி இல்லாமல் அரைத்தவர்களுக்கு இந்நேரம் நாக்கு அரித்துக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
ராஜபாளையம்.