மூன்றாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும்,

வணக்கம். மூன்றாம் தவணை நிறைவுக்கு வருகிறது. பரீட்சைகள் ஒழுங்காக நடந்து முடிந்தன. போட்டிகளில் பங்குபற்றிய பிள்ளைகள் எல்லோருக்கும் பாராட்டுகள். மழைக்கு முன் வந்து சிரமதானம் செய்து தந்த பெற்றோருக்கும் பழைய மாணவருக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கைகளைக் கடைசி நாளன்று பெற்றுக்கொள்ளலாம்.

இனி, சனிக்கிழமை வாசிப்பு வட்டம் பற்றி.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில், உயர்தர மாணவரும் பெற்றோரும் ஒன்றாக இருந்து வாசிக்கட்டும் என்று சோபக்கிளிசின் 'அன்ரிகனி' நாடகத்தை எடுத்தோம். 2,400 ஆண்டுகளுக்கு மேல் பழைய கிரேக்க நாடகம். தீப்ஸ் நகரத்துப் போரில் சகோதரர் இருவரும் ஒருவர் கையால் ஒருவர் மாண்டுபோகிறார்கள். ஒருவனுக்கு மரியாதையோடு அடக்கம். மற்றவனை அடக்கவும் கூடாது, அவனுக்காக அழவும் கூடாது என்பது அரசன் கிரெயோனின் கட்டளை. சகோதரி அன்ரிகனி போய் உடல்மேல் மண் தூவுகிறாள். காவலர் அந்த மண்ணைத் தட்டிவிடுகிறார்கள். அவள் திரும்பவும் வந்து தூவுகிறாள்.

எங்கள் ஊருக்கு இந்தக் கதை வேண்டாமே என்று சிலர் தயங்கினீர்கள். நானும் தயங்கித்தான் தொடங்கினேன். ஆனால் இப்படியான கதையைப் பிள்ளைகள் பக்கத்தில் பெரியவர்கள் இருக்கும்போது வாசிப்பதுதான் நல்லது என்று இன்றும் நம்புகிறேன். கோவலன் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஐயா ஒருவர், "கண்ணகியின்ரை கையிலை சிலம்பு இருந்தது, இந்தப் பிள்ளையின்ரை கையிலை மண் மட்டும்தான்" என்றார். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த மண் தூவும் இடத்தை வாசித்த நாளில் ஒரு தாய் பேசினார். பிரதியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மிக மெதுவாகப் பேசினார். அவர் சொன்னதை நான் இங்கே எழுதமாட்டேன். அது அந்த மண்டபத்தில் இருந்தவர்களை நம்பிச் சொன்னது. ஆனால் யாரோ அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்திருக்கிறார்கள். மறுநாளே அது வட்ஸ்அப் குழுக்களில் போய்விட்டது. கடையில் நிற்கும்போது பக்கத்தில் நின்றவரின் போனில் தன் குரலையே அவர் கேட்க நேர்ந்திருக்கிறது. அவருடைய மகளை வகுப்பில் இதுபற்றிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதன்பின் இருவரும் வட்டத்துக்கு வரவில்லை.

பதிவு செய்தவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்கு அனுப்பலாம் என்று எடுத்திருக்கலாம். யார் என்று தேடப்போவதுமில்லை. ஆனால் ஒருவர் தன் இழப்பைச் சொல்லும்போது அவர் அறியாமல் அதைப் பதிவு செய்வது பிழை. அதை மற்றவருக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய பிழை. இந்தப் பாடசாலையில் இனி அதற்கு இடமில்லை. மீறுபவர் பெற்றோராயினும் மாணவராயினும் வட்டத்தில் தொடர முடியாது.

அடுத்த அமர்விலிருந்து மண்டப வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி இருக்கும். உள்ளே வருமுன் போனை அதில் வைத்துவிடுங்கள், என்னுடையதும் அதில்தான் இருக்கும். அவசர அழைப்பு வந்தால் எழுதுவினைஞர் வந்து சொல்லுவார். அந்தப் பதிவு உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். நீங்கள் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவரையும் அழிக்கச் சொல்லுங்கள்.

அந்தத் தாயின் வீட்டுக்குப் போய்ப் பாடசாலையின் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தார், வருவேன் என்று சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்த வேண்டாம்.

விதைப்பு வேலைக்கு நடுவிலும் சேறு படிந்த காலோடு வந்து வாங்கில் இருந்து வாசிக்கிறீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அம்மம்மாமாருக்குப் பேரப்பிள்ளைகள் விரல் வைத்துக் காட்டுகிறார்கள். இதற்கெல்லாம் மனமார்ந்த நன்றி.

வரும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, அரசனின் மகன் ஹேமன் தகப்பனோடு வாதாடும் காட்சியை வாசிப்போம். யானை நடமாட்டம் இருப்பதால் ஐந்து மணிக்கே முடித்துவிடுவோம்.

இப்படிக்கு,
அதிபர்