கரண்ட் போனால் சேவ் அழிகிறது: லினக்ஸ் பதிப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சேவ் ஃபைல் காலியாகிப் போவதும், அதற்கு நீங்கள் அனுப்பிய பதிலும்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ரோக்லைக் ஆட்டத்தின் (தளம் தளமாகக் கீழே இறங்கும், செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வகை) லினக்ஸ் பதிப்பை என் அப்பாவுக்காக வாங்கினேன். டீ பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்தபின் வேகமாக விரலை ஓட்ட வேண்டிய எந்த ஆட்டமும் அவருக்கு ஒத்துவரவில்லை. முறை வைத்து ஆடும் ஆட்டம் அப்படியில்லை. ஒரு விசையை அழுத்தினால் ஓர் அடி. அவர் யோசித்து முடிக்கும் வரை எதிரியும் அசையாமல் நிற்கும். அதிலும் தமிழிலேயே வாசித்து ஆடலாம் என்பதால், மாலையானால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பல வாரம் ஆடி, இதுவரை அவர் பார்த்திராத ஆழத்துக்கு இறங்கியிருந்தார்.

ஐப்பசி மழையில் இங்கே கரண்ட் போவது புதிதல்ல. தோட்டத்துச் சில்வர் ஓக் ஒன்று கம்பி மேல் சாய்ந்தாலே போதும், மரத்தை அறுத்து எடுக்கும் வரை சுற்றுவட்டாரமே இருட்டுதான். அன்று அப்பா ஆட்டத்தில் அடுத்த தளத்துக்குப் படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. திரும்ப வந்ததும் ஆட்டத்தைத் திறந்தால் ‘புதிய ஆட்டம்’ மட்டும்தான் இருந்தது. ஆட்டம் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஃபைலின் அளவு 0 பைட்.

இதை எழுதி அனுப்பியதற்கு, “ஒரே உயிர் என்பது இந்த ஆட்டத்தின் இயல்பு, வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தருகிறோம், லினக்ஸில் ஆடுபவர்கள் யூபிஎஸ் வைத்துக்கொள்வது நல்லது” என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்ததே இந்தப் பதிலைப் படித்துத்தான்.

ஒரே உயிர் என்ற விதியை நானும் மதிக்கிறேன், அப்பாவும் மதிக்கிறார். தப்பான கதவைத் திறந்து செத்தால் அது அவருடைய முடிவு. சிரித்துக்கொண்டே அடுத்த ஆளை எடுப்பார். 1980 வாக்கில் யூனிக்ஸ் கணினிகளில் பிறந்த ‘ரோக்’ ஆட்டத்திலேயே, சேவைத் திறந்ததும் அது அழிக்கப்படும். செத்தபின் பழைய சேவுக்குத் திரும்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. ஆனால் ஆட்டக்காரர் சாவதும் கணினி அணைவதும் ஒன்றல்ல என்பது இந்த வகை ஆட்டங்களைச் செய்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். 1987 முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘நெட்ஹேக்’ ஆட்டத்தோடு ‘ரெக்கவர்’ என்றே ஒரு சிறு புரோகிராம் வருகிறது. ஆட்டம் பாதியில் அறுந்துபோனால், தளம் தளமாக டிஸ்க்கில் எழுதி வைத்த ஃபைல்களிலிருந்து சேவைத் திரும்பக் கட்டித் தருவதுதான் அதன் வேலை. காசு வாங்காதவர்கள் செய்ததைக் காசு வாங்கிய நீங்கள் செய்யவில்லை.

எங்கே கோளாறு என்பதையும் பார்த்துவிட்டேன். ஒரு புரோகிராம் லினக்ஸிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை ஓடவிட்டால் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் ஆட்டம் சேவ் ஃபைலை ஆரம்பத்தில் திறந்து, வெளியேறும் வரை மூடுவதே இல்லை. ஒவ்வொரு முறை படியிறங்கும்போதும் அதே ஃபைலை முதலில் 0 பைட்டாகச் சுருக்கி, பிறகு அதன் மேலேயே புதிதாக எழுதுகிறது. எழுதியதை உடனே டிஸ்க்குக்கு அனுப்பச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு ஒரு இடத்தில்கூட இல்லை. எங்கள் கணினியில் இருப்பது டெபியன் 12 என்ற லினக்ஸ்; டிஸ்க்கில் ஃபைல்களை வைக்கும் முறை இஎக்ஸ்டி4. அதன் வழக்கமான அமைப்பில், ஃபைல் சுருங்கிய செய்தி சுமார் 5 வினாடிக்குள் டிஸ்க்குக்குப் போய்விடும்; ஃபைலின் உள்ளடக்கமோ 30 வினாடி வரைகூட நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். இந்த இடைவெளியில் கரண்ட் போனால் பழைய சேவும் இருக்காது, புதிய சேவும் இருக்காது. பழைய கணினி ஒன்றில் படியிறங்கிப் பத்து வினாடி கழித்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். அதே 0 பைட்.

மழையையும் மரத்தையும் உங்களால் நிறுத்த முடியாது, சரி. ஆனால் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, எஃப்சிங்க் செய்து, அப்புறம் அதற்குப் பழைய ஃபைலின் பெயரை வைப்பது சில வரி வேலை. லினக்ஸில் அந்தப் பெயர் மாற்றம் பாதியில் நிற்காது. எந்த நொடியில் கரண்ட் போனாலும் பழைய சேவோ புதிய சேவோ ஒன்று முழுசாக இருக்கும். ஒரே உயிர் விதிக்கும் இதனால் எந்தக் குறையும் வராது.

யூபிஎஸ் வாங்குவது பெரிய காரியமல்ல. ஆனால் அது இருந்தால்தான் சேவ் பிழைக்கும் என்றால், அதை விற்பனைப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அங்கே ‘லினக்ஸ்’ என்று மட்டும்தான் இருக்கிறது.

பணம் வேண்டாம். சேவ் எழுதும் முறையைத் திருத்தி ஒரு புதிய பதிப்பு வெளியிடுங்கள். அது வரும்வரை வாங்குபவர்களுக்குத் தெரியும்படி விற்பனைப் பக்கத்தில் எச்சரிக்கை போடுங்கள். அப்பாவுடைய பழைய ஆட்டம் இனித் திரும்பாது என்று எனக்குத் தெரியும். புதிதாக ஆரம்பிக்கச் சொன்னால், “மழைக்காலம் முடியட்டும்” என்கிறார். முறை வைத்து ஆடும் ஆட்டத்துக்குப் போய் மழை ஓயக் காத்திருக்க வேண்டியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எஸ்ட்ரேஸ் பதிவை இணைத்திருக்கிறேன். திருத்திய பதிப்பை வெளியிடுவதற்கு முன்பே அனுப்பினால், பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துச் சொல்கிறேன். அது எப்போது வரும் என்ற தேதியோடு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்