பூவுக்குப் பெயர் வையுங்கள், விலாசத்தை அச்சிடாதீர்கள்

புதிய பூக்கும் தாவரங்களைக் கண்டறிந்து விவரிக்கும் வகைப்பாட்டியல் ஆய்வாளர்களுக்கும், அந்தக் கட்டுரைகளை வெளியிடும் இதழாசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இலைக்காம்பை மில்லிமீட்டரில் அளந்து, சூலகத்தில் மயிர் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து, ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளின் சேமிப்பகத்தில், செடிகள் ஒட்டிய பழைய தாள்களைப் புரட்டி ஒப்பிட்ட பிறகுதான் 'இது இதுவரை யாரும் பெயரிடாத இனம்' என்று நீங்கள் எழுதுகிறீர்கள். இன்னும் பெயர் பெறாத தாவரங்களில் நான்கில் மூன்று அழியும் அபாயத்தில் இருக்கலாம் என்று லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் 2023 அறிக்கை மதிப்பிடுகிறது. அதாவது, நீங்கள் இனி விவரிக்கப்போகும் செடிகளில் பெரும்பாலானவை அறிமுகமாகும் நாளிலேயே ஆபத்தில் இருப்பவை. அதனால்தான் கேட்கிறேன்: அவை நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் எண்களோடு கட்டுரையில் போடாதீர்கள்.

பெருவில் கிடைத்த ஃபிராக்மிபீடியம் கோவாச்சியை என்ற ஆர்க்கிட் 2002-இல் விவரிக்கப்பட்டது. உள்ளங்கையைவிடப் பெரிய, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. இடம் தெரிந்ததுமே ஆட்கள் போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கிவிட்டார்கள். 1999-இல் பெயர் பெற்ற பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் என்ற வியட்நாம் ஆர்க்கிட்டுக்கும் இதே கதிதான். சில ஆண்டுகளிலேயே அது காட்டில் ஏறக்குறைய இல்லாமல் போனது. இந்த இரண்டிலும் கட்டுரை வழியாகத்தான் இடம் கசிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புதுப் பூ என்றால் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, வழியையும் நாமே அச்சிட்டுத் தரலாமா?

பெயரிடல் விதிகள் கேட்பது ஒரு வகைமாதிரி (பெயருக்கு ஆதாரமாகச் சேமிக்கும் செடி மாதிரி), அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்ற தகவல், லத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஒரு விவரணை. ஜிபிஎஸ் எண் இல்லாததால் எந்தப் பெயரும் செல்லாமல் போவதில்லை. பிறர் சரிபார்க்க முடிய வேண்டாமா என்று கேட்பீர்கள். முடிய வேண்டும்தான். முழு விவரமும் ஹெர்பேரியத்தின் பதிவில் இருக்கட்டும். உண்மையான தேவையோடு கேட்பவருக்குக் கொடுங்கள். அப்புறம், பலரும் மறந்துவிடுவது ஒன்று: தாளின் மூலையில் ஒட்டியிருக்கும் லேபிள். கட்டுரையில் மறைத்த எண்ணை, இணையத்தில் ஏற்றிய அந்தத் தாளின் படம் காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்லவில்லை. கேமரூனின் எபோ காட்டு மரமான உவாரியோப்சிஸ் டிகாப்ரியோவுக்கு 2022-இல் பெயர் வைத்தபோது, காட்டின் பெயரும் உலகம் முழுக்கப் போனது. அது நல்லதே. மரம் வெட்டவும் சாலை போடவும் திட்டமிடுகிறவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். காட்டைச் சொல்லுங்கள். எந்தப் பாறை, எந்த ஓடைக்கரை என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

வகைமாதிரி எடுக்கும்போதும் கொஞ்சம் பாருங்கள். பத்துப் பதினைந்து செடிகளே நிற்கும் இடத்தில், கிழங்கோடு ஒன்றைத் தோண்டுவது பெரிய இழப்பு. பூவும் காயும் உள்ள ஒரு கிளை, சாராயத்தில் இட்ட ஒரு பூ, நல்ல படங்கள் என்று பல இனங்களுக்கு வேலை முடிந்துவிடும்.

விதை கிடைத்தால் பெயருக்கு முன்பே சேமியுங்கள். ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரத்தில் வளர்ந்த நிம்ஃபியா தெர்மாரம் என்ற மிகச் சிறிய அல்லி, ஊற்று நீரைத் திருப்பிவிட்டதால் 2008-இல் அங்கே காணாமல் போனது. ஜெர்மனியின் பான் தாவரவியல் பூங்காவில் முன்பே சேர்த்திருந்ததால் இனம் கைவிட்டுப் போகவில்லை. 2014-இல் கியூவின் கண்ணாடி மாளிகையிலிருந்தே அதில் ஒரு செடியைத் திருடிவிட்டார்கள். காவல் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், யாரும் இல்லாத மலைச்சரிவில் நிற்கும் செடிக்கு என்ன பாதுகாப்பு?

இதழாசிரியர்களே, கட்டுரையாளர்களுக்கான உங்கள் வழிமுறைகளில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: அழியும் அபாயத்தில் உள்ள இனமென்றால் துல்லியமான இருப்பிடம் கட்டுரையிலும் வரைபடத்திலும் லேபிள் படத்திலும் வரக்கூடாது. அடுத்த இதழிலிருந்தே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
தாவரங்களை நேசிக்கும் ஒரு வாசகர்