வீட்டுக்கு வரும் கத்தரி நாற்று: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு கத்தரி நாற்று கொண்டுவருவார்கள். பூச்சி வந்ததும் உரக்கடைக்குப் போய் மருந்து வாங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அப்படியொரு பாட்டிலே இருக்கக் கூடாது.

கத்தரிக்குப் பெரிய தொல்லை தண்டுத்துளைப்பான். தண்ணீர் விட்டும் கொழுந்து மட்டும் தலைசாய்ந்து வாடினால், அந்தத் தண்டைப் பிளந்து பாருங்கள். வெளிறிய இளஞ்சிவப்பில் ஒரு புழு இருக்கும். உள்ளே இருப்பதால் எதைத் தெளித்தாலும் அதன்மேல் படாது. வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, புழுவை நசுக்குங்கள். அப்படியே குப்பைக்குழியில் போட்டால் கூடு கட்டி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும். ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிடுங்கள். செடி பக்கக்கிளை விட்டுத் தழைத்துக்கொள்ளும்.

சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிகளான அசுவினியும் வெள்ளை ஈயும் இலைக்கு அடியில்தான் இருக்கும். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும். யூரியா அதிகமானால் கொழுந்து மெதுமெதுவென்று வளரும், அசுவினிக்கு அதுதான் விருந்து. மட்கிய எரு போதும்.

அப்படியும் அடங்கவில்லை என்றால் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மில்லி. இதில்தான் பலர் தவறுகிறார்கள்: எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், பட்ட இலை கருகும். முதலில் அரைத் தேக்கரண்டி காதி சோப்புத் துருவலைச் சிறிது வெந்நீரில் கரைத்து, அதில் எண்ணெயை விட்டுப் பால்போல வெளுக்கும்வரை கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். பிறகு சாயங்காலம், இலையின் அடிப்புறம் நனைய, வாரம் ஒருமுறை என மூன்று வாரம். வெயிலில் தெளித்தால் வீரியம் போய்விடும், தேனீக்களும் அப்போதுதான் பூவில் இருக்கும். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கொல்லாதீர்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலைபோல ஊர்வது பொறிவண்டின் புழு. அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. அது தென்பட்டால் வேப்பெண்ணெயையும் நிறுத்திவையுங்கள்.

என்ன பூச்சி என்று தெரியாவிட்டால், இலையோடு கிள்ளி மூடிபோட்ட டப்பாவில் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். அறிவியல் ஆசிரியை பார்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்