சனிக்கிழமை ஜெயித்தால் எங்கே போவோம்?

கோவை, 6.3.2019

ஆசிரியருக்கு வணக்கம்.

கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று மெஷின், பம்புக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிற வேலை. இருபது வருடமாக உங்கள் பேப்பர்தான். கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. ஜி.எஸ்.டி. வந்தபோதுகூட எழுதவில்லை, பட்டறைக்குள்ளேயே திட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

வரும் சனிக்கிழமை நம் நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் கால்பந்தின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டியும் மினர்வா பஞ்சாபும் மோதுகின்றன. கோவையில் ஆடுகிற அணிக்கு ஏன் சென்னை என்று பேர் என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சென்னையில் இருந்த கிளப், போன சீசனில் இங்கே குடிவந்தது. வந்த வருடம் பத்து அணியில் எட்டாம் இடம். இந்த வருடம் 19 ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருக்கிறது. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளியோடு முதுகுக்குப் பின்னால் மூச்சு விடுகிறது.

போன வெள்ளிக்கிழமை கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸை ஜெயித்திருந்தால் அன்றைக்கே கோப்பை நம்முடையது. தோற்றோம். ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் பெங்கால் இதே மினர்வாவை ஜெயித்து ஒட்டி வந்துவிட்டது. அன்று முதல் எங்கள் தெருமுனை பேக்கரியில் யாரும் அரசியல் பேசுவதில்லை. தேர்தல் வருகிற சமயத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

கணக்கு இதுதான். நாம் ஜெயித்தால் வேறு பேச்சே இல்லை. டிரா ஆனால் 41, ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 42, போயிற்று. நாம் தோற்று அவர்கள் டிரா செய்தால் இரண்டு பேரும் 40. அப்போது நேருக்கு நேர் ஆடியதைப் பார்ப்பார்கள், அதில் கொல்கத்தாவிலும் இங்கேயும் நாம்தான் ஜெயித்திருக்கிறோம். இதை ஒரு பையன் பப்ஸ் மடித்துக் கொடுத்த காகிதத்தில் எழுதிக் காட்டினான். எண்ணெய் ஊறி 41 எது 42 எது என்றே தெரியவில்லை. பேக்கரி டீ மாஸ்டர் பாலக்காட்டுக்காரர். ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு ஆடுகிறது. ஆகவே இரண்டு நாளாக மாஸ்டருக்கு ராஜ மரியாதை. "சேட்டா, உங்க ஆளுங்க ஒரு டிரா பண்ணிக் கொடுத்தாப் போதும்" என்று ஆளாளுக்குச் சிபாரிசு. அவரும் கோகுலத்தின் முதலாளி மாதிரி, "நோக்கலாம்" என்கிறார்.

இதெல்லாம் சந்தோஷமான சண்டை. நான் எழுத வந்தது வேறு. ஒன்பதாவது படிக்கிற என் மகன் திங்கட்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "ஜெயிச்சா அடுத்த வருஷம் நாம ஐஎஸ்எல்லா அப்பா?" ஐஎஸ்எல் என்றால் இந்தியன் சூப்பர் லீக், ஐ-லீக்குக்குப் பக்கத்தில் தனியாக நடக்கிற இன்னொரு கால்பந்து லீக். அவன் டிவியில் இங்கிலாந்து ஆட்டம் பார்க்கிறவன். அங்கே மேல் லீக்கில் கடைசி மூன்று இடத்தில் நிற்கிற அணிகள் கீழ் லீக்குக்கு இறங்கும், கீழேயிருந்து மூன்று மேலே ஏறும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். "இல்லைடா" என்றேன். "ஏன்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. சட்னியை அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.

மறுநாள் பேக்கரியில் அதே கேள்வியைப் போட்டேன், அரை நாள் வேலை கெட்டது. மில் டீமில் ஆடிய ஒரு பெரியவர் சொன்னார்: "இதுதானப்பா நேஷனல் லீக். இதுக்கு மேல எங்க போறது? அது பணக்காரங்க நடத்துற தனிக் கச்சேரி." இன்ஜினீயரிங் காலேஜ் பையன் ஒருவன் விடவில்லை. டிவி அங்கே, காசு அங்கே, கூட்டம் அங்கே, பேப்பரில் போட்டோ வருவதும் அங்கே, அப்புறம் எது மேலே எது கீழே என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்றான். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் நம் அணியில் 26 சதவீதப் பங்கு எடுக்கிறது அல்லவா, அவர்கள் பணம் கட்டி இடம் வாங்கிக்கொள்வார்கள், பெங்களூரு அப்படித்தானே 2017-இல் போனது என்றும் சொன்னான்.

போனது உண்மைதான். ஆனால் பெங்களூரு ஐ-லீக்கை இரண்டு தடவை ஜெயித்த அணி. ஜெயித்ததற்காக அங்கே போகவில்லை, ஏலத்தில் கேட்டு, வருடா வருடம் கோடிக்கணக்கில் கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டு போனது. நம் ஊர்ப் பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்க் இருந்தும் டொனேஷன் கட்டித்தான் சீட் என்றால் அதற்குத் தேர்ச்சி என்றா பேர்? 2017-இல் மிசோரமின் ஐசால் அணி ஜெயித்தது. கட்ட முடியாது, இருந்த இடத்திலேயே இருந்தது. போன வருடம் ஜெயித்தது யார்? சனிக்கிழமை நம் ஊருக்கு வருகிறதே, இதே மினர்வாதான். நடப்புச் சாம்பியன், இந்த வருடம் பட்டியலில் கீழே கிடக்கிறது. ஜெயித்ததற்குப் பலனாக ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆடி, போன மாதம் ஈரானின் சைபா கிளப்பிடம் 4-0 என்று தோற்றது. அதாவது ஐ-லீக் சாம்பியனுக்கு ஆசியாவுக்குப் போக வழி இருக்கிறது, ஐஎஸ்எல்லுக்குப் போக வழி இல்லை. பாஸ்போர்ட் கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறாதே என்கிற மாதிரி.

கீழ்ப்படியில் மட்டும் விதி ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டாம் டிவிஷனை ஜெயித்த ரியல் காஷ்மீர் இந்த வருடம் ஐ-லீக்குக்கு வந்து பெரிய அணிகளையெல்லாம் மிரட்டியது. ஷில்லாங் லஜோங் கடைசியில் நின்றதால் இறங்குகிறது. மேல்படிக்கு வரும்போதுதான் ஏணியைக் காணோம். இதே வருடம் ஐஎஸ்எல்லில் நம் மாநிலத்தின் இன்னொரு அணி, 'சென்னையின் எஃப்.சி.', 18 ஆட்டத்தில் 9 புள்ளி, பத்துக்குப் பத்தாவது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, இரண்டு தடவை கோப்பை எடுத்தவர்கள், எல்லாருக்கும் ஒரு கெட்ட வருடம் வரும். ஆனால் பத்தாவது வந்தவர் இறங்கவும் வேண்டாம், முதலாவது வந்தவர் ஏறவும் வேண்டாம் என்றால், புள்ளிப் பட்டியல் என்று ஒன்றை எதற்கு அச்சடிக்கிறார்கள்?

டீ மாஸ்டர் அவ்வளவு நேரம் பேசாமல் ஆற்றிக்கொண்டிருந்தவர், "ஆளுகள் போகும், டீம் போகாது" என்றார். கிளாஸை வைத்துவிட்டு அடுத்த டீக்குப் போய்விட்டார். யோசித்துப் பாருங்கள். குமரி மாவட்டத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ் போன சீசனில் நமக்கு ஆடினார், இந்த சீசனில் ஜாம்ஷெட்பூருக்காக ஐஎஸ்எல்லில். நன்றாக ஆடினால் ஆளுக்கு வழி உண்டு. இருபது கோல் அடித்திருக்கிற பெட்ரோ மான்சியையும், காலில் பந்து ஒட்டிக்கொண்டது போல ஆடுகிற நெஸ்டரையும் எத்தனை நாள் நம்மிடம் விட்டு வைப்பார்கள்?

பொங்கல் சமயத்தில் ஈஸ்ட் பெங்கால் இங்கே வந்தபோது மகனோடு கேலரியில் இருந்தேன். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்க, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஸ்டேடியமே சல்யூட் அடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. சிமெண்ட் படி சுடும் என்று உங்கள் பேப்பரைத்தான் விரித்து உட்கார்ந்தோம். விசில் அடித்து முடிந்த பிறகு பார்த்தால் என் பேன்ட்டில் பாதித் தலையங்கம் ஒட்டியிருந்தது. அன்றைக்கு எங்களைச் சுற்றிக் கத்தியவர்களில் பாதிப் பேர், இந்த சீசனுக்கு முன் கால்பந்து மைதானத்துக்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். சனிக்கிழமை அவர்கள் எல்லாரும் வருவார்கள். அவர்களிடம் ஜெயித்தாலும் அடுத்த வருடமும் இதே படிதான் என்று சொன்னால் எத்தனை பேர் மறுபடி வருவார்கள்?

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்திடம் நான் நாளைக்கே இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. எந்த வருடத்திலிருந்து, எந்த விதியின்படி, டொனேஷன் இல்லாமல் ஐ-லீக் சாம்பியன் மேலே போகலாம் என்று அடுத்த சீசன் தொடங்குவதற்குள் ஒரு தேதி சொல்லட்டும். அது ஐந்து வருடம் கழித்து என்றாலும் சரி, காத்திருக்கிறோம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கோவாவில் தோற்ற செய்தி உங்கள் பேப்பரில் ஆறு வரி, அதற்கு மேலே ஸ்பெயின் ஆட்டத்துக்கு அரைப் பக்கம். வெள்ளிக்கிழமையாவது ஆட்டம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று பெட்டி கட்டிப் போடுங்கள்.

என் பட்டறை சனிக்கிழமை மத்தியானம் மூன்றோடு மூடல். ஷாஃப்ட் கொடுத்தவர்கள் திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோவை-6